கைத்தொழிலும் நாமும்: துணியை மொத்தமாக எங்கே வாங்குவது?



தையல் வேலை செய்கின்ற சகோதரிகளைச் சந்திக்கப் போகுமிடமெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், துணியை மொத்தமா எங்க வாங்கினா எங்களுக்கு ஏதாவது மிஞ்சும்?" என்பதே அது. கேட்பவர்களில் அநேகர் கொழும்பு என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். ஆனால் பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதலாம் என நினைத்தேன்.

யுத்தத்தின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டவற்றுள் தையல் இயந்திரமும் ஒன்று. கோழி, ஆடு, தையல் இயந்திரம் என்ற மூன்றுக்கு அப்பால் யோசித்தவர்கள் குறைவு என்று களப்பணியாளர்களாகிய நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. இயந்திரம் கிடைத்தது. பயிற்சியும் கிடைத்தது. வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும். ஆனால் துணியைக் கொள்வனவு செய்வது எப்படி என்று பெரும்பாலும் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உழைப்பின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் கைமாறிப் போகிறது.

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் 11 பெண்கள் சேர்ந்து நைற்றி தைக்கிறார்கள். அவர்களுள் எழுவர் தம் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். வியாபாரி ஒருவர் வானில் துணி கொண்டுவந்து கடனுக்குக் கொடுப்பார். தைத்து முடித்த நைற்றிகளை அவரே எடுத்துக்கொண்டு, துணிக்காசைக் கழித்து மிச்சத்தைக் கொடுப்பார். மீற்றர் 480 ரூபா. ஒரு நைற்றிக்கு 3 மீற்றர், அதாவது 1440 ரூபா. அவர் நைற்றியை எடுப்பது 1650 ரூபாவுக்கு. நூலுக்கும் லேசுக்கும் 40 ரூபா போனால் தைத்தவருக்கு மிஞ்சுவது 170 ரூபா. பல மாதங்களாக இப்படித்தான் நடந்து வந்தது. துணியின் உண்மையான விலை என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. பற்றுச்சீட்டு என்று ஒன்றும் இல்லை. வியாபாரியின் கொப்பியில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

ஒருநாள் ஒருவருக்கு வெட்டும்போது துணி அரை மீற்றர் குறைந்துவிட்டது. அதே பூப்போட்ட துணியைத் தேடி அவர் பட்டணத்துக் கடைக்குப் போனார். அங்கே சில்லறை விலையே மீற்றர் 450 ரூபாவாக இருந்தது. மொத்தமாக வாங்குகின்றோம் என்று நினைத்துக்கொண்டு சில்லறையிலும் கூடிய விலை கொடுத்து வந்திருக்கிறார்கள்!

"அவரிட்டக் கேட்டா நாளைக்குத் துணி தராமல் விட்டா என்ன செய்யிறது, பிள்ளை?" என்று குழுவின் தலைவி அம்மா என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வியாபாரியைக் கெட்டவர் என்று எழுத நான் வரவில்லை. விற்பனைக்கு அலைவது அவர்தான், வானுக்கு எரிபொருள் அடிப்பதும் அவர்தான். ஆனால் துணி விற்பவரும், கடன் கொடுப்பவரும், தைத்ததை வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் விலை பேசுவதற்கு இடமே இல்லை. இந்த மூன்றில் ஒன்றையாவது நாங்கள் பிரித்தெடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் இலகுவாகப் பிரித்தெடுக்கக் கூடியது துணி வாங்குவதுதான்.

குழுவிடம் சுழற்சி நிதியாக 60,000 ரூபா இருந்தது. உடனே கொழும்புக்குப் போவோம் என்றார்கள் இளையவர்கள். நாங்கள் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வட்டமாக இருந்தோம்.

முதலில் பட்டணத்துக் கடையில் விசாரித்தோம். துண்டாக வெட்டாமல் முழு றோலாக எடுத்தால், கைக்காசு கொடுத்தால், என்ன விலை? கடைக்காரர் 430 ரூபா என்றார். இப்படிக் கேட்க வேண்டும் என்பதே எம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. "றோல் விலை என்ன?" என்று கேட்டால் போதும். பின்னர் கொழும்பில் தையற்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மூலம் அதே தரத் துணிக்குப் புறக்கோட்டை விலையைக் கேட்டறிந்தோம். 380 ரூபா. ஒரு மீற்றருக்கு 50 ரூபா வித்தியாசம்.

கேட்பதற்கு நல்ல வித்தியாசம்தான். ஆனால் இரண்டு பேர் போய்வரப் பஸ் காசு, சாப்பாடு, பொதி தூக்குபவருக்குக் கூலி, பஸ்ஸில் பொதி ஏற்றக் காசு என்று எழுதிக் கூட்டியபோது 9000 ரூபா வந்தது. இருவரும் இரண்டு நாட்கள் தையலை விட்டுப் போகிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1500 ரூபா வைத்தால் அது 6000 ரூபா. இந்த 6000 ரூபாவை எழுதும்போது பலர் சிரித்தார்கள். "எங்கட நேரத்துக்கும் காசா மிஸ்?" என்றார்கள். ஆம், காசுதான். எங்கள் நேரத்துக்கு நாங்களே விலை போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

மொத்தச் செலவு 15,000 ரூபா. மீற்றருக்கு 50 ரூபா மிச்சம் என்றால் 300 மீற்றர் வாங்கினால்தான் போய்வந்த செலவே தீரும். குழுவின் 60,000 ரூபாவையும் துணியிலேயே போட்டாலும் 160 மீற்றர்கூட வராது. அயல் கிராமங்களின் இரண்டு குழுக்களும் சேர்ந்து, ஒவ்வொன்றும் 40,000 ரூபா போட்டால் 1,20,000 ரூபாவுக்கு ஏறக்குறைய 315 மீற்றர் வரும். மிச்சம் 15,750 ரூபா, செலவு 15,000 ரூபா. மூன்று குழுக்களுக்கும் சேர்த்து இலாபம் 750 ரூபா! அதற்காக 40 கிலோவுக்கு மேற்பட்ட துணிப் பொதியோடு இரவு பஸ்ஸில் வர வேண்டும்.

ஆகவே அந்தக் குழுவுக்குத் துணி வாங்கச் சிறந்த இடம் அவர்களுடைய பட்டணத்துக் கடைதான். 430 ரூபாவுக்கு வாங்கி, பழைய வியாபாரிக்கே 1650 ரூபாவுக்கு விற்றாலும் ஒரு நைற்றிக்கு 320 ரூபா நிற்கிறது. சந்தையில் தாங்களே 1850 ரூபாவுக்கு விற்றால் 520 ரூபா. இப்போது பாதியை அவருக்குக் கொடுக்கிறார்கள், பாதியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். அவர் நைற்றி எடுப்பதை நிறுத்தவும் இல்லை. இவர்கள் பயந்தது நடக்கவில்லை.

உங்கள் ஊரின் கணக்கு வேறாக இருக்கலாம். வவுனியாவில் இருப்பவருக்குக் கொழும்பு இன்னும் கிட்ட. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குக் காத்தான்குடித் துணிக்கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கைத்தறிச் சேலை, சாரம் விற்க விரும்புபவர்கள் மருதமுனைக்குப் போய் நெசவு செய்பவர்களிடமே நேரே பேசலாம். விலை வித்தியாசத்தையும் போக்குவரத்துச் செலவையும் உங்கள் நாட்கூலியையும் எழுதிப் பாருங்கள். செலவை வித்தியாசத்தால் வகுத்தால் எத்தனை மீற்றருக்கு மேல் தூரப் பயணம் பயன் தரும் என்பது தெரிந்துவிடும்.

அப்படியானால் கொழும்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் துணிக்கு அல்ல. நூல், தெறி, சிப், இலாஸ்டிக், லேஸ், கன்வஸ் போன்ற சாமான்களைப் பாருங்கள். ஊர்க்கடையில் ஒன்றிரண்டாக வாங்கும்போது இவற்றுக்கு நாங்கள் கொடுக்கும் விலைக்கும் மொத்த விலைக்கும் இடையிலான தூரம் துணியைவிட மிக அதிகம். அத்துடன் பாரமும் இல்லை. ஒரு வருடத்துக்குத் தேவையான தெறியையும் சிப்பையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வரலாம். ஒருமுறை போய்க் கடையை அறிமுகம் செய்துகொண்டால் அடுத்தமுறை தொலைபேசியில் சொல்லிப் பொதியாக எடுப்பிக்கலாம். பாரமான துணியைக் கிட்டவும் பாரமற்ற சாமானைத் தூரவும் வாங்குவதே எங்களைப் போன்ற சிறிய குழுக்களுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண மெசின் தையலில் ஒரு மீற்றர் நீளம் தைக்க மேல்நூலும் பொபின் நூலும் சேர்ந்து ஏறக்குறைய 3 மீற்றர் போகும். ஒரு நைற்றியில் 12 மீற்றர் தையல் இருந்தால் 36 மீற்றர் நூல். 100 மீற்றர் நூற்கட்டையில் மூன்று நைற்றி முடியாது. 5000 யார் என்று போட்டிருக்கும் பெரிய கோனில் 4500 மீற்றருக்கு மேல் உண்டு. 120 நைற்றிக்குக் கிட்டத்தட்ட வரும். வெள்ளை, கறுப்பு, கடும் நீலம், மெறூன் ஆகிய நான்கு நிறங்களிலாவது கோன் வைத்திருங்கள். ஓவர்லொக் அடிப்பவர்கள் கட்டாயம் கோன்தான் வாங்க வேண்டும், ஏனெனில் மூன்று நூல் ஓவர்லொக் ஒரு மீற்றருக்கு 14 மீற்றர் வரை நூல் இழுக்கும். வாங்கும்போது ஒரு முழம் இழுத்து அறுத்துப் பாருங்கள். கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டுக் கிடந்த நூல் பஞ்சுபோல அறும். மலிவு என்று அதை வாங்கினால் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாடசாலைச் சீருடை தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1993 முதல் அரசாங்கம் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. இடையில் சில வருடங்கள் வவுச்சராகக் கொடுத்தார்கள். 2025 ஆம் ஆண்டுக்கான சீருடைத் துணி முழுவதையும் சீனா நன்கொடையாகக் கொடுத்தது. ஆகவே வெள்ளைத் துணியை றோல் கணக்கில் வாங்கி அடுக்கிவைத்தால் காசு முடங்கும். தாய்மார் துணியோடுதான் வருவார்கள். உங்களுக்குத் தேவை வெள்ளை நூலும் வெள்ளைத் தெறியும் சிப்பும்தான்.

விலை கேட்கும்போது அது மீற்றருக்கா யாருக்கா என்று கேளுங்கள். ஒரு யார் 91.4 சென்றிமீற்றர் மாத்திரமே. ஒரு கடையில் யார் 370 ரூபா, மற்றக் கடையில் மீற்றர் 400 ரூபா என்றால் கண்ணுக்கு முதலாவது கடை மலிவு. மீற்றராக மாற்றினால் அது 404 ரூபாவுக்கு மேல் வருகிறது. துணியின் அகலமும் அப்படித்தான். 45 அங்குலத் துணி 400 ரூபா, 58 அங்குலத் துணி 480 ரூபா என்றால் அகலமானது ஓர் அங்குலத்துக்கு மலிவு. ஆனால் உங்கள் வெட்டுக்கு அந்த அகலம் பொருந்துகிறதா என்பதைப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்து வெட்டுத் துண்டுகளை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அகலம் வீணாகக் கழிந்தால் மலிவு இல்லை. விலையில் பெறுமதி சேர் வரி அடங்குமா என்பதையும் முன்னரே கேட்க வேண்டும். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். றோல் விலை பேசிவிட்டுக் கடைசியில் வரியைச் சேர்த்தால் போட்ட கணக்கெல்லாம் பிழைத்துப்போகும்.

கடையில் வெளிச்சம் போட்டுக் காட்டும் நிறத்தை நம்பாதீர்கள். துணியின் ஒரு முனையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே நிறம் என்று சொல்லி இரண்டு றோல் தந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு தடவை சாயம் போட்டதாக இருந்தால் கழுத்து ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக நிற்கும். றோலின் நடுவில் ஒட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அளக்கும் மீற்றர் கோலில் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு கண் போடுங்கள். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது.

பெரிதாக வாங்குவதற்கு முன்னர் ஒரு மீற்றர் மட்டும் வாங்கி வாருங்கள். அதில் 50 சென்றிமீற்றருக்கு 50 சென்றிமீற்றர் சதுரமாக வெட்டி, ஒரு வெள்ளைத் துணித் துண்டோடு சேர்த்துக் கழுவிக் காயவையுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் பிடித்தால் அந்தத் துணி வேண்டாம். சதுரம் 48 சென்றிமீற்றராகச் சுருங்கியிருந்தால் நூற்றுக்கு நான்கு சுருக்கம். 3 மீற்றரில் 12 சென்றிமீற்றர் போய்விடும். அதைத் தெரிந்துகொண்டு நீளம் விட்டு வெட்டலாம், அல்லது முன்னரே நனைத்துக் காயவைத்து வெட்டலாம். வாங்கிக்கொண்டு போன பெண் ஒரு கழுவலில் நைற்றி குறுகியது என்று ஊரெல்லாம் சொன்னால், அந்தப் பெயர் கடைக்காரருக்கு வராது, தைத்தவருக்கே வரும்.

கிலோக் கணக்கில் விற்கப்படும் மிச்சத் துணியைப் பற்றியும் கேட்கிறீர்கள். கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கிய காலத்திலிருந்து ஏற்றுமதி ஆடை இந்த நாட்டின் பெரிய கைத்தொழிலாகிவிட்டது. அத்தொழிற்சாலைகளில் மிஞ்சுவதும் கழிவதும் வெளியே வருகின்றன. நல்ல துணிகள் உண்டு. ரீசேட் துணி ஒரு சதுர மீற்றர் 160 கிராம், அகலம் ஒன்றரை மீற்றர் என்றால் ஒரு கிலோவில் 4 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். தடித்த துணி என்றால் குறையும். கிலோ விலையை இப்படி மீற்றருக்கு மாற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கட்டிய மூட்டையைப் பிரிக்க விடாத கடையிலும் வாங்கக் கூடாது. வவுனியாப் பக்கம் ஒரு குழு அவ்வாறு வாங்கிய மூட்டையில் மேலே நல்ல துணியும் உள்ளே கைக்குட்டை அளவு துண்டுகளுமாக இருந்தன. பிள்ளைகளின் உடுப்பு, தலையணை உறை, கால்மிதி செய்பவர்களுக்கு மிச்சத் துணி உதவும். ஒரே மாதிரி ஐம்பது உருப்படி கேட்பவருக்குக் கொடுக்க உதவாது.

சிலர் இந்தியாவிலிருந்து கொண்டுவருவதைப் பற்றிச் சொல்கிறார்கள். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபோது இந்தப் பேச்சு கூடியது. சொந்தப் பாவனைக்குக் கொண்டுவருவது வேறு, விற்பனைக்குக் கொண்டுவருவது வேறு. இரண்டாவதற்குச் சுங்கத்தில் வரி உண்டு. குழுவின் பணத்தை அதில் போட வேண்டாம் என்பேன்.

இனிக் கடன். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது துணி விலையும் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்னும் ஏறிவிடும் என்ற பயத்தில் நுண்கடன் எடுத்துத் துணி வாங்கி வைத்த சகோதரிகளை எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பாதை எப்போது மூடும் என்று தெரியாமல் கிடைத்ததை வாங்கி வைத்துப் பழகியவர்கள் நாங்கள். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 வீதி மூடியதைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் இலகுவில் போகாது. ஆனால் துணி அலுமாரியில் கிடக்கும், வாரத் தவணை கிடக்காது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களை அரசாங்கமே இரத்துச் செய்ய முன்வந்தது. நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது. குழு நிதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துணியில் போட வேண்டாம். கையிருப்புத் துணி பாதியாகக் குறைந்த பின்னர் அடுத்த றோலை வாங்குங்கள்.

குழுவின் பணத்தோடு கடைக்குப் போவது எப்போதும் இருவராக இருக்கட்டும். மூன்று கடைகளின் விலையை எழுதி வந்து கூட்டத்தில் வாசியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. ஏமாற்றப்பட்டால் அச்சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டில் துணியின் வகை, அகலம், மீற்றர் மூன்றையும் எழுதுவியுங்கள். "துணி" என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு பின்னர் எதையும் நிறுவ முடியாது. பழுது வந்தால் மாற்றித் தருவாரா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்னர் கேளுங்கள். விலை ஐந்து ரூபா கூடினாலும் மாற்றித் தரும் கடையையே நான் தெரிவு செய்வேன்.

புறக்கோட்டைக்கு முதன்முறை போகிறவர்களுக்காகச் சில விடயங்கள். துணியும் தையற் சாமான்களும் இரண்டாம் குறுக்குத் தெரு, கெய்சர் வீதி, பிரதான வீதி ஆகியவற்றின் சுற்றுவட்டத்தில் இருக்கின்றன. சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், அங்கே தமிழ் பேசும் முதலாளிமாரும் வேலையாட்களும் நிறைய உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை அநேகமானவை திறப்பதில்லை. தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் போனால் உங்களோடு நின்று பேச எவருக்கும் நேரம் இராது. இரவு பஸ்ஸில் போனால் விடியற்புறமே இறங்கிவிடுவீர்கள், கடை திறக்க ஒன்பது மணியளவாகும். காசை இருவரும் பிரித்து வைத்திருங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் தெறி, சிப், இலாஸ்டிக் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கொப்பித் தாளில் குத்தி, பக்கத்தில் ஊர்க்கடை விலையையும் எழுதிக் கொண்டுபோங்கள். வேலையாள் எதை எடுத்துக் காட்டினாலும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தலையாட்டுங்கள்.